எங்கட குரூப்புல ஸ்டார் வோர்ஸ், ஸ்டார் ட்ரெக் வாதம்

குரூப்: கல்லடிக் குடும்பம்
வெள்ளிக்கிழமை இரவு

துஷி: எல்லாரும் முழிச்சா இரிக்கிங்க? ஒரு கேள்வி. விண்வெளிக் கதையில ஸ்டார் வோர்ஸ் படங்களா ஸ்டார் ட்ரெக் டீவித் தொடரா. ஒண்டுதான் சொல்லணும். அப்பாவோட சாப்பாட்டு மேசையில ஒரு மணித்தியாலமா வாதாடிட்டு வாறன், புட்டு ஆறிப் போச்சு

கஜன்: ஸ்டார் வோர்ஸ். இதுல என்ன கேள்வி

சுபா அக்கா: ஸ்டார் வோர்ஸ்

ரூபன் அண்ணா: நான் மாமா பக்கம். ட்ரெக்

சின்ன மாமா: கஜன், நீ எத்தின ட்ரெக் எபிசோட் பாத்திரிக்காய் மனே? உண்மையச் சொல்லு

கஜன்: 2009ல வந்த படம் பாத்தன் மாமா

சின்ன மாமா: அது வாசல்தான் மனே. நீ இன்னும் ஊட்டுக்குள்ள வரல்ல

பெரியம்மா: நாளைக்கு மீன் ஆரு வாங்குற எண்டு கேட்டு மத்தியானம் போட்டன். ஒருத்தரும் மறுமொழி இல்ல

கஜன்: நான் வாங்கி வாறன் பெரியம்மா, விடிய வாவிக் கரையில வரும்

சின்ன மாமா: துஷி கேட்டதுக்கு ஒழுங்கா எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுமையா வாசிங்க. ஸ்டார் ட்ரெக் முதல் எபிசோட் அமெரிக்காவுல டீவியில போனது 1966 செப்டம்பர் 8. அந்த நேரம் அந்த நாடு எப்பிடி இருந்த எண்டு யோசிங்க, ஒரு பக்கம் வியட்நாம் யுத்தம், மத்தப் பக்கம் ரஷ்யாவோட பனிப்போர், ஊருக்குள்ள கறுப்பினச் சனம் தங்கட உரிமைக்கு றோட்டுல நிக்கிது. அந்த நேரத்துல ஜீன் ரொடன்பெரி எண்ட மனுசன் ஒரு கப்பலக் காட்டி அதுல ஊரா எண்ட கறுப்பினப் பொம்புளய ஒபிசரா இருத்துறார், சுலு எண்ட ஜப்பான் வழி வந்த ஆள் கப்பல் ஓட்டுறார், 1967ல ரெண்டாவது சீசன்ல செக்கோவ் எண்டு ஒரு ரஷ்யாக்காரப் பொடியனையும் கொண்டாந்து பக்கத்துல இருத்திட்டார். எதிரிட நாட்டுப் பொடியன். அவன வில்லனாக் காட்டல்ல, எங்கட ஆக்களில ஒருத்தனாக் காட்டினாங்க. அத நினைச்சா எனக்கு இண்டைக்கும் உடம்பு புல்லரிக்கும்

சின்ன மாமா: ஊராவா நடிச்ச நிச்செல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிய உட்டுட்டுப் போக வெளிக்கிட்டவ. மார்ட்டின் லூதர் கிங் அவவச் சந்திச்சி போகாதீங்க, நீங்க அங்க நிக்கிறது எங்கட சனத்துக்குத் தேவை எண்டு மறிச்சார். இத அவவே பொறகு எத்தினையோ தரம் சொல்லியிரிக்கா

கஜன்: மாமா இதெல்லாம் பெரிய விசயம்தான், நான் இல்லெண்டு சொல்லல்ல, ஆனா இது வரலாறு. படமா இருந்து பாக்கக்குள்ள எது ஆள இழுக்குது எண்டதுதான் கேள்வி. ஸ்டார் வோர்ஸ் 1977 மே 25 முதல்ல 32 தியேட்டர்லதான் போட்டாங்க. முதல் காட்சிய யோசிங்க, ஒரு சின்னக் கப்பல் தப்பி ஓடுது, பின்னால பெரிய கப்பல் எங்கட தலைக்கு மேலால வருது, வருது, வந்துட்டே இரிக்குது முடியவே இல்ல. ஒரு வசனம் இல்லாம ஆரு பெரியவன் ஆரு சின்னவன் எண்டு வெளங்கிப் போகுது. ட்ரெக்ல அதச் சொல்ல ஒரு மேசையச் சுத்தி ஆறு பேர் இருந்து கதைப்பாங்க

சின்ன மாமா: கதைக்கிறதுதான் மனே அதுட அழகே

துஷி: அப்பா ட்ரெக் எடுத்தவங்களுக்குக் காசும் இல்லையே, அதையும் சொல்லுங்க

சின்ன மாமா: ஓம். கிழமைக்கு ஒரு கிரகத்துல கப்பல இறக்கிக் காட்டக் காசு காணாது. அதாலதான் ஆள ஒளியாக் கரைச்சி கீழ அனுப்புற யோசனையக் கண்டுபிடிச்சாங்க. காசில்லாமப் பிறந்த யோசனை, இண்டைக்கு அது இல்லாம ட்ரெக்கே இல்ல

சுபா அக்கா: நான் ஒண்டு சொல்றன் கேளுங்க. எங்கட ஊடு வெல்லாவெளிப் பக்கம் வயலோட, உங்களுக்குத் தெரியும்தானே, வேளாண்மை பழுக்கிற நேரம் ஆன வராத இரவு இல்ல. போன மாசம் பொடியனுக்கு முதல் ஸ்டார் வோர்ஸ் படத்தப் போட்டுட்டு நான் குசினியில நிக்கிறன். திடீரெண்டு ஓடி வந்து என்ட சாறியப் புடிச்சிக்கிட்டு அம்மா ஆன வந்துட்டு, வெளக்க நூருங்க எண்டு நடுங்குறான். நானும் ஒரு நிமிசம் பயந்துட்டன். எட்டிப் பாத்தா டீவியில எதிரிட சின்னக் கப்பல்கள் பாயுது. அந்தச் சத்தம்தான்

கஜன்: அக்கா அது உண்மையாவே ஆனதான்!! பென் பேர்ட் எண்ட சத்தக் கலைஞர் ஆன பிளிறுறதையும் ஈர றோட்டுல கார் போற சத்தத்தையும் கலந்துதான் அந்தக் கப்பலுக்குப் போட்டார்

சுபா அக்கா: அப்ப என்ட புள்ள சரியாத்தான் சொல்லியிரிக்கான். ஏழு வயசு. பரண்ல தகப்பனோட காவல் கிடந்து பழகின காது அது. இப்ப சொல்லுங்க மாமா, விண்வெளிக் கதைக்குள்ள எங்கட வயல் இரிக்குதா இல்லையா

சின்ன மாமா: இது எனக்குத் தெரியா சுபா. நல்ல வேலதான் செஞ்சிரிக்கார்

கஜன்: அந்த ஒளி வாள் சத்தமும் பழைய புரொஜெக்டர் மோட்டர் இரையுறதும் டீவிப் பெட்டிட இரைச்சலும் சேந்ததுதான். தியேட்டர் மெசின்ல இருந்தே வாளுக்கு உயிர் குடுத்தாங்க

சின்ன மாமா: சத்தத்த ஒத்துக்கொள்றன். ஆனா சயன்ஸ் படிப்பிக்கிறவன் எண்ட முறையில ஒண்டு கேக்கணும், ஸ்டார் வோர்ஸ்ல வாற ஹான் சோலோ தன்ட கப்பல் எவ்வளவு வேகம் எண்டு சொல்லக்குள்ள பார்செக்ல சொல்றான். பார்செக் தூரம். 3.26 ஒளியாண்டு. கல்லடியில இருந்து களுவாஞ்சிக்குடிக்கு எவ்வளவு நேரம் போச்சு எண்டு கேட்டா இருவத்தஞ்சு கிலோமீற்றர் எண்டு சொல்ற மாதிரி. 2018ல ஒரு முழுப் படம் எடுத்துத்தான் அதுக்கு விளக்கம் குடுத்தாங்க, குறுக்கு வழியால போனதாம்

துஷி: அப்பா ஆனா இதையும் பாருங்க. சனிட சந்திரன் மீமாஸ 1980ல வொயேஜர் 1 படம் எடுக்குது, பாத்தா அச்சா ஸ்டார் வோர்ஸ் வில்லன்மார்ட உருண்டைக் கோட்டை டெத் ஸ்டார், அந்தப் பெரிய பள்ளம் கூட அதே மாதிரி. படம் வந்தது மூணு வருசம் முந்தி. 2011ல ரெண்டு சூரியனச் சுத்துற கிரகம் கெப்லர் 16பி கண்டுபிடிச்சாங்க, அதையும் எல்லாரும் வோர்ஸ் கதாநாயகன் லூக்கிட ஊர்ப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க

ரூபன் அண்ணா: அதுக்கு இது. நாசாட முதல் ஷட்டிலுக்கு 1976ல ட்ரெக்ல வாற கப்பல்ட பேர், என்டர்பிரைஸ் எண்டு, வைக்கச் சொல்லி ட்ரெக் ரசிகர்மார் கடிதம் கடிதமா எழுதி அந்தப் பேரையே வைக்க வச்சாங்க. அது பரிசோதனைக்குத்தான், விண்வெளிக்குப் போகல்ல, அது வேற கதை. ஆனா சனம் எழுதி ஒரு கப்பலுக்குப் பேர் வந்திச்சே

பெரியப்பா: எல்லாம் வாசிச்சிட்டுத்தான் இரிக்கன். கண்ணாடியப் போட்டு ஒவ்வொரு எழுத்தாத் தட்டுறன், ஆரும் இடையில பூராதிங்க. அந்த டார்த் வேடர் எண்ட கறுப்பு உடுப்புக்காரன நான் பாத்திரிக்கன், கஜன் ஒருக்கா போன்ல காட்டின. வெள்ளப் புகைக்குள்ளால அவன் வந்து நிக்கிறான் பாரு, அது வடமோடிக் கூத்துல ராசாட வரவு. நான் இருவது வயசுல கரப்புடுப்புப் போட்டு ஆடினவன், அந்தப் பாரத்தச் சுமந்துக்கிட்டு களரிக்கு வந்து நிக்கக்குள்ள அண்ணாவியார் மத்தளத்துல அடிக்கிற அடியிலதான் சனம் எழும்பி இருக்கும், பேசத் தேவையில்ல. இந்தப் படம் எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிரிக்கு. மகன் லூக் தகப்பன் வேடரோட வாள் எடுக்கிறதும் புதுசில்ல, பாரதத்துல பப்பிரவாகன் அருச்சுனனோட மோதுறான். நான் வோர்ஸ்

கஜன்: பெரியப்பா!!! இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல

சின்ன மாமா: அத்தான் சொன்னா அது கனமான வாக்குத்தான். ஆனா ஒரு கேள்வி. அந்த வேடர் எத்தின ஊர அழிச்சவன், சின்னப் புள்ளைகளக் கொன்டவன். கடைசி அஞ்சு நிமிசத்துல மகனக் காப்பாத்தினா எல்லாம் சரியாப் போயிருமா? செத்த புள்ளைகளிட தாய்மாருக்கு ஆரு பதில் சொல்ற? நாங்க இருந்த ஊருல இருந்துக்கிட்டு அத என்னால லேசா எடுக்க ஏலாது

இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

சுபா அக்கா: எழுதிட்டு அழிச்சிட்டன், திரும்ப எழுதுறன். மாமா, மன்னிச்சது மகன் மட்டும்தான். லூக் வாளத் தூக்கி எறிஞ்சிட்டு நான் உங்களக் கொல்ல மாட்டன் எண்டு நிக்கிறான், அது அவன் எடுத்த முடிவு. 1983 படத்துட கடைசியப் பாருங்க, ஊர் முழுக்க ஆடிப் பாடுது, லூக் தனிய நிண்டு தகப்பன்ட உடம்ப எரிக்கிறான். பக்கத்துல ஒருத்தரும் இல்ல. ஊர் மன்னிச்சது எண்டு படம் சொல்லவே இல்ல. பெத்த தகப்பன எரிக்க ஒரு மகனுக்கு இரிக்கிற கடமைதான் அது

சின்ன மாமா: இத நான் இப்பிடி யோசிக்கல்ல புள்ள

கஜன்: ரோக் வன்னையும் மறக்காதிங்க, 2016. முதல் படம் தொடங்கக்குள்ள மேல ஓடுற எழுத்துல ஒரு வரி வரும், டெத் ஸ்டார்ட வரைபடத்தக் களவெடுத்த ஆக்களப் பத்தி. 39 வருசத்துக்குப் பொறகு அந்த ஒரு வரிக்கு ஒரு படம் எடுத்தாங்க. எல்லாரும் சாகிறாங்க. வரைபடம் போய்ச் சேருது. லூக்கிட பேர உலகமே சொல்லும், இந்த ஆக்களிட பேர ஆரு சொல்ற. எனக்கு அதுதான் ஸ்டார் வோர்ஸ்லயே பெரிய படம்

சின்ன மாமா: சரி. இப்ப நான் ஏன் ட்ரெக்க உட மாட்டன் எண்டு சொல்றன். துஷிக்கும் இது தெரியா. 90ல தமிழ் ஆக்கள், முஸ்லிம் ஆக்கள் எண்டு ரெண்டு பக்கமும் நடந்தத நான் இங்க எழுதல்ல. அதுக்குப் பொறகு நாங்க காத்தான்குடிப் பக்கம் போறல்ல, அவங்களும் இங்கால வாறல்ல. எனக்கு அங்க ஒரு கூட்டாளி, ஏ எல் ஒண்டாப் படிச்சவன். ரெண்டு மூணு வருசம் ஒரு தொடர்பும் இல்ல. ஒருநாள் பின்னேரம் சைக்கிள்ல வந்து படலைக்கு வெளிய நிக்கிறான், உள்ள வரட்டா எண்டு கேக்கிறான். முந்தி அவன் இந்தப் படலைய காலால தள்ளிட்டு நேர குசினிக்கு வாறவன். கையில ஒரு பழைய சாரம், அதுக்குள்ள சுத்தின வீடியோ கசட். அவன்ட காக்கா (அண்ணன்) வெளிநாட்டுல இருந்து அனுப்பினது. நெக்ஸ்ட் ஜெனரேசன், ட்ரெக்கிட புதுத் தொடர். கரண்ட் இல்ல, ஒராள்ட ஜெனரேட்டர வாங்கி மண்ணெண்ணெய் ஊத்தி டெக்க ஓட்டினம். வோர்ஃப் எண்டு ஒரு கிளிங்கன், வேற்றுக்கிரக இனத்து ஆள், அந்தக் கப்பல்ல ஒபிசரா நிக்கிறான். பழைய தொடர்ல கிளிங்கன்தான் பெரிய எதிரி. நாங்க ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கல்ல. படம் முடிய அம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா, குடிச்சிட்டுப் போனான். அடுத்த கிழமையும் வந்தான்

பெரியம்மா: அந்தப் பொடியன எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. அம்மாட செத்தவீட்டுக்கு முதல் ஆளா வந்து கிடாரம் தூக்கினவன்

துஷி: அப்பா இத ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லல்ல

சின்ன மாமா: கேக்கல்லையே நீ

ரூபன் அண்ணா: மாமா டார்மொக் கதையச் சொல்லுங்க இவங்களுக்கு

சின்ன மாமா: 1991ல வந்த எபிசோட். ஒரு இனம் இரிக்கு, அவங்கட சொல்லு எல்லாம் விளங்குது, கருத்து மட்டும் விளங்குதில்ல. ஏனெண்டா அவங்க முழுக்கத் தங்கட பழைய கதைகளாலதான் கதைக்கிறாங்க. பழைய கதையில ஒருத்தர் கைய விரிச்சி நிண்டார் எண்டு சொன்னா அதுட கருத்து இந்தா வச்சிக்கொள் எண்டது. எங்கட கப்பல்ட கப்டன் பிக்கார்டும் அந்த இனத்துத் தலைவனும் ஒரு கிரகத்துல தனிய மாட்டுப்பட்டு ஒராளட பாசைய மத்தாள் படிக்கிறாங்க, அந்தத் தலைவன் அதுக்காகச் சாகிறான். பிக்கார்ட் அவனுக்குக் கில்காமேஷ் எண்ட பழங்காலக் காவியக் கதை சொல்ற இடம் வரும், நான் ஒவ்வொரு தரமும் அழுவன்

பெரியப்பா: நாங்களும் அப்பிடித்தானே கதைக்கிற. சகுனி வேலை பாக்கிறான் எண்டுறம், கும்பகர்ணன் எழும்பிட்டானா எண்டுறம். பாரதமும் ராமாயணமும் தெரியாத ஒருத்தனுக்கு இதுல ஒரு மண்ணும் விளங்காது

சின்ன மாமா: அதேதான் அத்தான்!! அதத்தான் நான் முப்பது வருசமாச் சொல்லிட்டு இரிக்கன்

கஜன்: இந்த எபிசோட் எனக்கு வேணும் மாமா

சின்ன மாமா: இன்னொண்டும் இரிக்கு, 1992. ஒரு விண்கலம் பிக்கார்டிட மூளைய வந்து தொடுது, அவர் மயங்கி விழுறார். அரை மணித்தியாலம் கூட இல்ல, அதுக்குள்ள அவர் வேற ஒரு ஊர்ல ஒரு முழு வாழ்க்கை வாழுறார். பொஞ்சாதி, புள்ளைகள், பேரப்புள்ள, புல்லாங்குழல் ஊதப் பழகுறார், கிழவனாகிறார். அந்த ஊர் அழிஞ்சி ஆயிரம் வருசம். சாகப்போற சனம் தங்கள ஆராவது ஒராள் ஞாபகம் வச்சிக்கொள்ளணும் எண்டு அந்தக் கலத்த அனுப்பினது. முழிச்சா அவருக்கிட்ட மிஞ்சினது அந்தப் புல்லாங்குழல் மட்டும். அத எடுத்து ஊதுறார், கை மறக்கல்ல

(பத்து நிமிசம் ஒருத்தரும் ஒண்டும் போடல்ல)

பெரியம்மா: தம்பி அந்தக் கதைய நான் பாக்கணும்

பெரியம்மா: நாவலடியில எங்கட ஊடு இருந்த இடத்துல 2004 சுனாமிக்குப் பொறகு கிணத்துக் கட்டு மட்டும்தான் நிண்டது. மூணாம் நாள் போய்த் தேடக்குள்ள மணலுக்குள்ள அம்மாட மூக்குப்பேணி கிடந்தது, மூக்கு நசுங்கி. இப்பவும் அதுலதான் தண்ணி குடிக்கிறன். குடிக்கக்குள்ள அந்தத் தெருவுல ஆர் ஆர் இருந்த எண்டு ஒவ்வொரு ஊடா மனசுக்குள்ள வரும். தலைப்புல இருந்து தொடங்கினா பதினேழு ஊடு

துஷி: மாமி

சுபா அக்கா: அம்மா நாளைக்கு நான் வாறன். புள்ளையும் கூட்டி வாறன்

கஜன்: நான் ட்ரெக்குக்கு மாறல்ல, எனக்கு இன்னும் வோர்ஸ்தான். ஆனா நாளைக்கு முதல்ல மாமா சொன்னதப் போடுவம், அந்தப் புல்லாங்குழல் கதைய. பொறகு வேணுமெண்டா ரோக் வன்

சின்ன மாமா: ஏழு மணிக்குத் தொடங்குவம். இங்கிலீஷ்தான் அக்கா, நான் பக்கத்துல இருந்து சொல்லிச் சொல்லி வாறன்

பெரியம்மா: அந்தக் காத்தான்குடிப் பொடியனுக்கும் சொல்லு தம்பி. கஜன், அப்ப மீன் ரெண்டு கிலோவா எடு