அவசர உதவி: அப்பாவின் பழைய கணினி ஊர்ந்து போகிறது, 300 சிங்கப்பூர் வெள்ளிக்குள் எதை மாற்றலாம்?

பொங்கோல்காரன் | செவ்வாய் இரவு 11:52
வணக்கம். தோ பாயோவில் அப்பா வீட்டுக் கணினி படு மெதுவாக இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காப்பி கலக்கிக் குடித்து முடித்த பிறகுதான் திரை வருகிறது, அதற்கப்புறமும் பத்து நிமிடம் எதைத் தொட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யூடியூப், செய்தி, சிபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பக்கம், கொஞ்சம் தட்டச்சு, அவ்வளவுதான் அவருக்கு வேலை. திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் வேகமாகும் என்று நண்பர் சொன்னார். 300 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். சனிக்கிழமை சிம் லிம் கணினிக் கடைத்தொகுதிக்குப் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

கம்பிவடம் | செவ்வாய் இரவு 11:59
என்ன பிராசசர்? ரேம் (தற்காலிக நினைவகம்) எத்தனை ஜிபி? கோப்புகளைச் சேமிப்பது சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்கா, தட்டே இல்லாத எஸ்எஸ்டியா? விண்டோஸ் எது? பெட்டி பெரியதா ஒல்லியா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டடிதான்.

மின்விசிறி | புதன் காலை 7:10
முதலில் பெட்டியைத் திறந்து தூசியை ஊதுங்கள். பிராசசர் மேல் தடவிய வெப்பப் பசை பத்து வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் மாமனார் கணினியைப் பத்து வெள்ளிப் பசையில் சரிசெய்தேன், ஒரு பொருளும் வாங்கவில்லை.

மூத்தவன்88 | புதன் காலை 8:25
மாதம் இரண்டு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லை. மாடல் எண் கூடச் சொல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்பது, நோயாளியைக் காட்டாமல் மருந்து கேட்பது போல. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

உட்லண்ட்ஸ் அக்கா | புதன் காலை 9:02
பாவம், அப்பாவுக்காகக் கேட்கிறார், நடு இரவில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமே அண்ணே. பொங்கோல்காரன் தம்பி, ரேம் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் 4 ஜிபியை 8 ஆக்கியதும் தலைவலி போனது. என் கணக்கில் ரேம்தான்.

பொங்கோல்காரன் | புதன் மதியம் 1:15
மன்னிக்கவும், வேலையில் இருக்கிறேன். அப்பாவிடம் போனில் கேட்டேன். ஐ5 என்று ஒட்டியிருக்கிறதாம். விண்டோஸ் 10. அலுவலகத்தில் பழையதைக் கழித்தபோது வாங்கி வந்தது, ஒல்லிப் பெட்டி.

கம்பிவடம் | புதன் மதியம் 1:31
ஐ5 என்றால் போதாது, பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பல ஐ5 வந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். இரவு அங்கே போனால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பக்கத்தில் பிராசசர், ரேம், டிஸ்க் மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள்.

லினக்ஸ் ராசா | புதன் மாலை 4:40
எந்த எண்ணாக இருந்தாலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள். காசு வேண்டாம், எரிச்சல் வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அதோடு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். பழைய ஐ5-ஐ அது ஏற்றுக்கொள்ளாது.

பொங்கோல்காரன் | புதன் இரவு 10:20
இப்போது அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். ஐ5-4590, ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 1 டிபி. ஒன்றுமே திறக்காதபோதும் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது. நடுநடுவே உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம்.

கம்பிவடம் | புதன் இரவு 10:28
அந்தச் சத்தத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. இப்போதே டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். 05, சி5 இரண்டு வரிகளில் என்ன எண் இருக்கிறது என்று சொல்லுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

பொங்கோல்காரன் | புதன் இரவு 10:51
மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வருகிறது. சி5-இல் பூச்சியம் இல்லை, ஏதேதோ எழுத்தும் எண்ணும். ஆபத்தா?

கம்பிவடம் | புதன் இரவு 11:05
ஆபத்துதான். சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் இடங்களின் எண்ணிக்கை. டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, அதுதான் உங்கள் 100 சதவீதம், அதுதான் அந்தச் சுற்றும் வட்டம். ரேம், பசை, கார்டு எல்லாம் அப்புறம். இன்று இரவே ஒரு வெளி டிரைவில் அப்பாவின் கோப்புகளை நகலெடுங்கள், மாற்ற முடியாதவை முதலில், படங்கள் பிறகு. சினிமாவை விட்டுவிடலாம். முடிந்ததும் கணினியை அணைத்து வையுங்கள். முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் செய்ய முயலாதீர்கள், கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு மிச்ச உயிரையும் போக்கிவிடும்.

மின்விசிறி | வியாழன் காலை 7:20
சூடும் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுக்கும். பெட்டியைத் திறக்கத்தானே போகிறீர்கள், பசையையும் மாற்றிவிடுங்கள்.

மூத்தவன்88 | வியாழன் காலை 8:40
கம்பிவடம் சொல்வது சரி. இப்போது வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். 4590 என்றால் 2014-இல் வந்த நான்காம் தலைமுறை, அதன் ரேம் டிடிஆர்3 வகை. அடுத்து வந்த டிடிஆர்4 அந்தத் துளையில் நுழையவே நுழையாது. மேசைக்கணினிக்கான 240 பின் நீளக் குச்சி என்று கேட்டு வாங்குங்கள், மடிக்கணினி ரேம் பாதி நீளம்தான் இருக்கும். எஸ்எஸ்டி 2.5 அங்குல சாட்டா வகை, பழைய டிஸ்க்கின் கம்பிகளிலேயே மாட்டலாம். பலகையிலேயே செருகும் எம்.2 என்று கடைக்காரர் எதையாவது நீட்டினால் வேண்டாம், அந்தக் காலத்துத் தாய்ப்பலகைகள் பலவற்றில் அதற்கு இடமே கிடையாது. ஒல்லிப் பெட்டியின் மின்வழங்கி சிறியது, வடிவமும் தனி. ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு பேச்சை மறந்துவிடுங்கள். யூடியூபுக்கு பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸே போதும். இதெல்லாம் முன்பே பலமுறை எழுதியதுதான்.

தேக்கா தம்பி | வியாழன் காலை 11:15
எனக்கு ஒரு சந்தேகம். சாகப் போகிற கணினிக்கு ஏன் செலவு? கேரோசல் விற்பனைத் தளத்தில் எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய அலுவலகப் பெட்டி அதே 300 வெள்ளியை ஒட்டிக் கிடைக்குமே, விண்டோஸ் 11-உம் ஓடும்.

கம்பிவடம் | வியாழன் மதியம் 12:50
நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் சாகப் போவது டிஸ்க் மட்டும், பலகையும் பிராசசரும் இன்னும் ஓடும். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும், பழைய டிஸ்க் 100, 150. அதைவிடப் பெரிய விஷயம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேட ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓட வேண்டும், எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு ஒன்றுமே இல்லை. விண்டோஸ் 10 ஒரே நாளில் நின்றுவிடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பு எடுக்க ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் இலவசம், இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர்.  நாளைக்கு வேறு பெட்டி வாங்கினாலும் இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை | வியாழன் மாலை 5:05
தம்பி, ஒன்று கேட்கிறேன். அப்பா தட்டச்சு செய்வார் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த மொழியில்?

பொங்கோல்காரன் | வியாழன் இரவு 9:30
தமிழில். கோயில் குழுக் கூட்டக் குறிப்புகள், கட்டுரைகள், இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். நகலெடுத்துவிட்டேன். ஆனால் என் மடிக்கணினியில் திறந்தால் பாதிக் கோப்புகள் புரியாத கிறுக்கலாக வருகின்றன. டிஸ்க் கெடுத்துவிட்டதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை | வியாழன் இரவு 9:48
இல்லை, பயப்படாதீர்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஓர் எழுத்துரு, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கத் தனக்கென்று ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. தமிழை இணையத்தில் ஏற்றியதில் நம் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. நா. கோவிந்தசாமி ஐயா கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியது இங்கேதான், 1997-இல் தமிழ்நெட் மாநாடும் இங்கேதான் நடந்தது. அப்பா கணியனிலோ முரசு அஞ்சலிலோ எழுதியிருக்கலாம். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாததால்தான் கிறுக்கல். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை முழுவதும் நகலெடுங்கள். அதை மறந்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால் அந்த எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இருபது வருட உழைப்பு அது. பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் கொடுத்து யூனிகோடாக மாற்றலாம். டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்கள் அதற்குத் தெரியும்.

லினக்ஸ் ராசா | வியாழன் இரவு 10:10
மின்டிலும் தமிழ் எழுத்துகளை நேரடியாக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை உண்டு, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அப்பா தமிழ்99 பழகிக்கொண்டால் வேகம் கூடும். குறைந்த அழுத்தத்தில் நிறைய எழுத்து.

உட்லண்ட்ஸ் அக்கா | வியாழன் இரவு 10:22
இந்த வயதில் எதற்கு அவரைப் புதிதாகப் பழகச் சொல்ல வேண்டும்? அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று அடித்துப் பழகிய கை அது. நானும் அஞ்சல் முறைதான், ஒரு குறையும் இல்லை.

லினக்ஸ் ராசா | வியாழன் இரவு 10:35
அக்கா, ஆங்கிலம் வழியாகத் தமிழை யோசிப்பது பிள்ளைகளுக்குக் கெடுதல். தமிழ்நாட்டு அரசே 1999-இல் தமிழ்99-ஐத்தான் ஏற்றது.

உட்லண்ட்ஸ் அக்கா | வியாழன் இரவு 10:41
நாங்கள் பேசுவது பிள்ளைகளைப் பற்றி இல்லை ராசா, ஒரு தாத்தாவைப் பற்றி. அரசு ஏற்றதற்காக என் விரல் மாறாது.

மூத்தவன்88 | வியாழன் இரவு 11:20
இது கணினி உதவி இழை. விசைப்பலகைச் சண்டைக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். (நானும் தமிழ்99தான்.)

கம்பிவடம் | வெள்ளி காலை 8:05
பொங்கோல்காரன், சனிக்கிழமைக்கு: 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 8 ஜிபி டிடிஆர்3 குச்சி ஒன்று, விண்டோஸ் நிறுவ 8 ஜிபி யூஎஸ்பி ஒன்று. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே கம்பிகளை எஸ்எஸ்டியில் மாட்டுங்கள். விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையோடு பதிவாகியிருக்கும், இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஏற்கும். பெட்டியைத் திறக்கும் முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். விலையை இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள், ரசீதில் உத்தரவாதக் காலத்தை எழுதச் சொல்லுங்கள். எப்படிப் போனது என்று வந்து சொல்லுங்கள்.

தேக்கா தம்பி | செவ்வாய் மாலை 6:40
என்ன ஆச்சு? நானும் என் அக்கா கணினிக்கு இதேதான் செய்யப் போகிறேன்.

பொங்கோல்காரன் | அடுத்த ஞாயிறு இரவு 10:15
தாமதத்துக்கு மன்னிக்கவும், மகனுக்குக் காய்ச்சல். எஸ்எஸ்டி, ரேம் இரண்டும் போட்டாயிற்று, 100 வெள்ளிக்குள் முடிந்தது. இப்போது அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. எழுத்துரு கிடைத்தது, கட்டுரைகள் எல்லாம் தமிழில் தெரிகின்றன. மூன்று கோப்புகள் மட்டும் திறக்கவில்லை, 2006 கூட்டக் குறிப்புகள். ஆசிரியை அம்மாவுக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார். அவர் எழுதியது கணியனில்தானாம்.

மின்விசிறி | ஞாயிறு இரவு 10:40
மகிழ்ச்சி. பசை மாற்றினீர்களா?