ஜெரியாட்ரிக்ஸ் (முதியோர் மருத்துவம்) எடுக்கலாமா? வயசானவங்க பிரஷர் பாக்குற வேலை உண்மையில எப்படி இருக்கும்?

செங்காங்_எம்ஓ:

வணக்கம், இங்க டாக்டர், நர்ஸ் நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். நான் சிங்கப்பூர்ல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரில எம்ஓ, அதாவது இன்னும் ஸ்பெஷலிஸ்ட் ஆகாத டாக்டர், இப்ப ஜெனரல் மெடிசின் வார்டு. அடுத்து இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி), அது முடிச்சு ஜெரியாட்ரிக்ஸ் போகலாம்னு மனசு இழுக்குது. அப்பா கார்டியாலஜி எடுடான்னு சொல்றாரு, கூட வேலை பாக்குறவங்க "அதுல என்ன இருக்கு, வீட்டுக்கு அனுப்புற டிஸ்சார்ஜ் பிளானிங்தானே"ன்னு சொல்றாங்க.

இந்த எண்ணம் வந்ததே ஒரு பாட்டியாலதான். எண்பது தாண்டினவங்க, சமையக்கட்டுல விழுந்து அட்மிட் ஆனாங்க. படுக்கைல பிரஷர் 168, மருந்தக் கூட்டலாமான்னு ரவுண்ட்ஸ்ல பேச்சு ஓடிட்டு இருக்கு. அப்ப ஜெரியாட்ரிக்ஸ் டீம்லேர்ந்து ரெஜிஸ்ட்ரார், அதாவது சீனியர் டாக்டர் ஒருத்தர் வந்தாங்க, பாட்டிய அஞ்சு நிமிஷம் அசையாம படுக்க வச்சு எடுத்தாங்க, அப்புறம் கையப் பிடிச்சு நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல ஒருவாட்டி மூணு நிமிஷத்துல ஒருவாட்டி எடுத்தாங்க. மூணாவது நிமிஷம் 122. பாட்டி "கண்ண மறைக்குது ராசா"ன்னு கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மருந்தக் கூட்டுற பேச்சே இல்ல, ராத்திரி போடுற மாத்திரை என்னென்னன்னு ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சாங்க.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரி வேலைதான் தினமும் இருக்குமா இல்ல எப்பவாவதா? பிரஷர், மயக்கம், விழுறது இதுலயே முழுசா இறங்க முடியுமா? எத்தன வருஷம் படிக்கணும்? இருபது வருஷம் கழிச்சும் பிடிக்குமா? நேரா சொல்லுங்க ப்ளீஸ்.

தோபாயோ_அக்கா:

தம்பி, நான் ஜெரியாட்ரிஷியன், கன்சல்டன்ட்டா இருக்கேன், அதனால பக்கச்சார்பா பேசுவேன்னு முதல்லயே வச்சுக்கோங்க. இன்டர்னல் மெடிசின் 3 வருஷம், எம்ஆர்சிபிங்கிற பரீட்சை முடிக்கணும், அதுக்கு மேல ஜெரியாட்ரிக்ஸ் சீனியர் ரெசிடென்சி 3 வருஷம். பிரஷர்னு தனி சப் ஸ்பெஷாலிட்டி நம்ம துறைல கிடையாது, ஆனா விழுறவங்களப் பாக்குற ஃபால்ஸ் கிளினிக், மயக்கம் பாக்குற கிளினிக் இதெல்லாம் எடுத்தீங்கன்னா பாதி நாள் பிரஷர்தான். ப்ரைவேட்ல நம்ம துறை ஆளுங்க கம்மி, கார்டியாலஜிக்காரங்க அளவுக்கு சம்பாதிக்கணும்னு நினைச்சா இது சரிப்படாது. வேலைக்குப் பஞ்சமும் இல்ல. டான் டோக் செங் ஆஸ்பத்திரில 1988ல முதல்ல ஜெரியாட்ரிக் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு பெரிய ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இருக்கு, 2030 வாக்குல சிங்கப்பூரர்கள்ல நாலுல ஒருத்தர் 65 தாண்டியிருப்பாங்கன்னு அரசாங்கமே சொல்லுது.

இப்ப வேலை எப்படின்னு சொல்றேன். வயசாக ஆக ரத்தக்குழாய் விறைச்சுப் போகுது, அதனால மேல் நம்பர் ஏறும், கீழ் நம்பர் இறங்கும், 170க்கு 65ன்னு வந்து உக்காருவாங்க. அதே சமயம் எழுந்து நிக்கும்போது ரத்தம் கால்ல தேங்கும்ல, அத ஈடுகட்ட இதயத் துடிப்பும் குழாயும் சட்டுன்னு வேலை செய்யணும், வயசானா அந்த ரிஃப்ளெக்ஸ் மந்தமாகுது. அதனால ஒரே ஆளுக்கு ஏறுறதும் இருக்கும் இறங்குறதும் இருக்கும். நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 இறங்கினா அதுக்குப் பேர் போஸ்டுரல் ஹைப்போடென்ஷன், இது நீங்க படிச்சதுதான். ஏன் இறங்குதுன்னு கண்டுபிடிக்கிறதுலதான் நம்ம வேலையே இருக்கு.

கிளினிக்குக்கு வரும்போது வீட்ல இருக்குற மாத்திரை எல்லாத்தையும் கொண்டாங்கன்னு சொல்லுவேன். ஒரு ஐயா நெகிழிப் பைய மேசைல கவிழ்த்தாரு. அரசாங்க பாலிகிளினிக் கொடுத்த அம்லோடிபின்ங்கிற பிரஷர் மாத்திரை ஒரு அட்டை, போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப வாங்கின அட்டை ஒண்ணு, அது வேற கம்பெனி வேற பேரு, உள்ள அதே அம்லோடிபின், ரெண்டையும் சாப்பிட்டுட்டு இருக்காரு. அதனால கால் வீங்கியிருக்கு, வீங்கினதுக்கு ஒரு கிளினிக் டாக்டர் நீர் மாத்திரை கொடுத்திருக்காரு, நீர் மாத்திரையால ராத்திரி நாலுவாட்டி எழுந்திரிக்கிறாரு, அதுக்கு புரோஸ்டேட்டுன்னு நினைச்சு டெரசோசின், அது பிரஷர இன்னும் இறக்கும், கடைசில ராத்திரி பாத்ரூம் வாசல்ல விழுந்திருக்காரு. தைலம், முட்டி வலி மாத்திரை வேற, வலி மாத்திரை பிரஷர ஏத்தும். ஒவ்வொரு டாக்டரும் அவங்கவங்க வரைக்கும் சரியாத்தான் செஞ்சிருக்காங்க, ஆனா மொத்தத்தையும் சேத்து வச்சுப் பாக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நாமதான். ஊர் அட்டைய நிறுத்தினோம், கால் வீக்கம் குறைஞ்சதும் நீர் மாத்திரைய நிறுத்தினோம், டெரசோசின மெல்ல விட்டோம். அவசரமே இல்ல, ஒண்ண மாத்திட்டு ரெண்டு மூணு வாரம் பாத்துட்டுதான் அடுத்தது.

இது தினமும் இருக்கும் தம்பி. எனக்கு இன்னும் சலிக்கல.

காத்திப்_நர்ஸ்:

நான் கம்யூனிட்டி நர்ஸ், வீடு வீடா போறவ. அக்கா சொன்னது முழுக்க உண்மை, அதோட ஒண்ணு சேத்துக்கோங்க தம்பி, கிளினிக்ல தெரியாதது வீட்ல தெரியும். ஒரு பாட்டி வீட்ல மெஷின் இருக்கு, காலைல சாமி கும்பிட்டுட்டு, கோப்பி குடிச்சுட்டு, பேரன ஸ்கூலுக்குக் கத்தி அனுப்பிட்டு உடனே கைல கட்டி எடுக்குறாங்க, 175ன்னு நோட்டுல எழுதுறாங்க. உக்காந்து முதுகு சாஞ்சு அஞ்சு நிமிஷம் பேசாம இருந்து, கை நெஞ்சு மட்டத்துல வச்சு எடுத்தா 146. சட்டைக் கைக்கு மேலயே பட்டி சுத்துறவங்களும் உண்டு. நம்ம பெரியவங்க டாக்டர் ரூமுக்குள்ள போனாலே பயத்துல நம்பர் ஏறும், அத வச்சு மாத்திரை கூட்டினா வீட்ல விழுவாங்க.

அப்புறம் விரதம். புரட்டாசி சனிக்கிழமை, தைப்பூசம், நோன்பு மாசம், நாள் பூரா சாப்பிடாம தண்ணிகூட சரியா குடிக்காம நீர் மாத்திரைய மட்டும் விடாம போடுவாங்க, ஏன்னா "டாக்டர் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு". விரதம் இருக்கீங்களான்னு யாராவது கேட்டிருந்தா முன்னாடியே டோஸ் பேசி வச்சிருக்கலாம், நீங்க டாக்டரா வந்தா இதக் கேளுங்க. மத்தியானம் தட்டு நிறைய சோறு சாப்பிட்டு எழுந்த உடனே தலை சுத்துதுன்னு சொன்னா அதுவும் பிரஷர் இறங்குறதுதான், சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தம் வயித்துப் பக்கம் போயிடும். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டு, ஒரு அரைமணி உக்காந்துட்டு எழுந்திரிங்கன்னு சொன்னாலே பாதிப்பேருக்கு சரியாயிடுது.

உப்பு பத்தியும் சொல்லணும். சிங்கப்பூர்ல சராசரியா ஒருத்தர் ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுறாங்கன்னு 2022 சர்வேல வந்துச்சு, 2,000தான் அளவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் நம்ம கணக்கு, அதுக்கு மேல கடைல வாங்குற மீ கோரெங், சூப். ஆனா 85 வயசுல மெலிஞ்சு போயி சாப்பாடே இறங்காதவங்ககிட்ட உப்பக் குறைங்க உப்பக் குறைங்கன்னு சொன்னா அவங்க சாப்பிடுறதையே நிறுத்திடுவாங்க. யாருக்குச் சொல்றோம்னு பாத்துச் சொல்லணும்.

இதயம்_முதல்ல:

கார்டியாலஜி பக்கத்துலேர்ந்து ஒரு கருத்து, சண்டைக்கு இல்ல. வயசானவங்கன்னாலே மருந்தக் குறைக்கணும்னு இந்தத் திரி போகுது, அது ஆபத்துங்க. 80 தாண்டினவங்களுக்கு வைத்தியம் பண்ணலாமான்னு சந்தேகம் இருந்த காலத்துல 2008ல ஹைவெட் ஆய்வு வந்துச்சு, 3,845 பேர், மருந்து இன்டபமைடு, தேவைப்பட்டா கூட பெரிண்டோபிரில், இலக்கு 150க்கு 80, மொத்த இறப்பே 21 சதவீதம் குறைஞ்சது, ஹார்ட் ஃபெயிலியர் 64 சதவீதம் குறைஞ்சது. அப்புறம் ஸ்பிரின்ட் ஆய்வு, 75 தாண்டினவங்க முடிவ 2016ல தனியா போட்டாங்க, 120க்குக் கீழ வச்சவங்களுக்கு இதயக் கோளாறு, இறப்பு எல்லாம் கம்மி, கொஞ்சம் தளர்ந்து போனவங்களுக்கும் பலன் இருந்துச்சு. இன்னொண்ணு, பிரஷர இறுக்கமா வச்சா நிக்கும்போது இறங்குறது கூடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆய்வுகளச் சேத்துப் பாத்தா அப்படி இல்ல, கட்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு அது குறைவாத்தான் இருக்கு. பக்கவாதம் வந்து படுத்த ஒரு தாத்தாவ வீட்ல வச்சுப் பாக்குற குடும்பத்தக் கேளுங்க, 170ஐ சும்மா விடலாமான்னு.

தோபாயோ_அக்கா:

நீங்க சொன்ன நம்பர் எல்லாம் சரி, நானும் ஃபிட்டா இருக்குற 82 வயசுக்காரருக்கு 130க்குக் கீழதான் கொண்டு வரேன். தினமும் பிஷான் பார்க்ல நடக்குறவரு, அவருக்கு வயச மட்டும் பாத்து 150 போதும்னு விட்டா அது அவருக்குச் செய்யுற அநியாயம். பிரஷர் கட்டுக்குள்ள இருந்தா நிக்கும்போது இறங்குறது அதிகமாகாதுன்னு நீங்க சொன்னதும் உண்மை, அதனாலதான் நான் முதல்ல எந்த வகை மருந்துன்னு பாக்குறேன், டெரசோசின், பிரசோசின், நீர் மாத்திரை, தூக்க மாத்திரை, டிப்ரஷன் மாத்திரை இதுங்கதான் பெரும்பாலும் ஆளச் சாய்க்குது. பிரஷர் மருந்து எல்லாத்தையும் சேத்து நான் குறை சொல்லல.

ஆனா ஸ்பிரின்ட்ல யாரச் சேக்கலைன்னும் பாருங்க. சர்க்கரை உள்ளவங்க இல்ல, ஸ்ட்ரோக் வந்தவங்க இல்ல, நர்சிங் ஹோம்ல இருக்குறவங்க இல்ல, நிக்க வச்சு எடுத்தா 110க்குக் கீழ போறவங்களையும் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. என் வார்டுல படுத்திருக்குற பத்து பேர்ல பாதிக்கு மேல இந்த லிஸ்ட்லதான் வருவாங்க. அவங்களுக்கு ஆய்வு பதில் சொல்லல, பக்கத்துல உக்காந்து நாமதான் சொல்லணும். எப்படித் தளர்ந்திருக்காங்கன்னு 1லேர்ந்து 9 வரைக்கும் ஒரு ஸ்கேல் இருக்கு, அது போட்டுப் பாக்குறோம், ஆனா அதுக்கும் மேல நான் கேக்குறது "உங்களுக்கு எதப் பாத்தா பயம்"னு. ஒரு அம்மா ஸ்ட்ரோக் வந்து வாய் கோணிப் போயிடுமோன்னு சொன்னாங்க, அவங்க அக்காவுக்கு அப்படி ஆச்சு. இன்னொரு அம்மா விழுந்து இடுப்பு உடைஞ்சு மக வீட்ல பாரமா இருக்கக்கூடாதுன்னாங்க. ரெண்டு பேருக்கும் வயசு கிட்டத்தட்ட ஒண்ணு, நம்பர் ஒண்ணு, நான் கொடுத்த இலக்கு வேற வேற. தமிழ்ல உக்காந்து பேசினதாலதான் அது ரெண்டும் வெளிய வந்துச்சு, மக மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தா அந்த அம்மா பாரம்னு வாயத் திறந்திருக்கவே மாட்டாங்க.

ஜூரோங்_மகள்:

நான் டாக்டர் இல்ல, படிச்சுட்டு சும்மா போக முடியல. என் அம்மாவுக்குப் பார்கின்சன், படுத்தா 180 நின்னா 95. ஒரு இடத்துல கூட்டுங்கன்னாங்க, ஒரு இடத்துல குறைங்கன்னாங்க, எனக்குப் பைத்தியமே பிடிச்சுச்சு. அப்புறம் ஒரு ஜெரியாட்ரிஷியன் முக்கால் மணி நேரம் உக்காந்து எனக்கும் எங்க பணிப்பெண்ணுக்கும் சேத்து விளக்கினாரு, பகல்ல நிக்கும்போது விழாம இருக்குறது ஒரு வேலை, ராத்திரி படுக்கும்போது ஏறாம இருக்குறது இன்னொரு வேலை, ரெண்டையும் ஒரே மாத்திரை செய்யாதுன்னு. கட்டில் தலைமாட்ட உயர்த்தச் சொன்னாரு, எழுந்திரிக்குறதுக்கு முன்னாடி பாதத்த ஆட்டி, கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு நிக்கணும், தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை, இதெல்லாம் பணிப்பெண்ண செய்ய வச்சுக் காட்டச் சொன்னாரு. அம்மா இப்ப கைத்தடியோட கீழ போயி புளோக் பெஞ்சுல உக்காந்து கதை பேசிட்டு வராங்க. தம்பி நீங்க இந்தப் படிப்பையே எடுங்க, உங்க அப்பாகிட்ட வேணா நான் பேசுறேன்.

செங்காங்_எம்ஓ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அப்பாவுக்கு இந்தத் திரிய அனுப்பிட்டேன் அக்கா, படிச்சுட்டு இருக்காரு. இன்னும் ஒண்ணு மட்டும், ரெசிடென்சிக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி எனக்கு இது ஒத்து வருமான்னு எப்படிப் பாக்குறது?

தோபாயோ_அக்கா:

அடுத்த போஸ்டிங் கேக்கும்போது ஜெரியாட்ரிக்ஸ்னு எழுதிக் கொடுங்க, ஆறு மாசம் இருந்தா தெரிஞ்சிடும். வார்டு மட்டும் பாக்காதீங்க, வார்டுல பாதி நேரம் நிமோனியா, குழப்பம், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் பராமரிப்பு ஏற்பாடு பண்ண ஏஐசி ஃபார்ம்னு போயிடும், அதுவும் இந்த வேலைதான்னு தெரிஞ்சுக்கோங்க. லீவு நாள் ஒண்ண எடுத்து ஃபால்ஸ் கிளினிக்ல ஓரமா உக்காருங்க, கன்சல்டன்ட்ட கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. நர்ஸ் கூட ஒரு நாள் ஹோம் விசிட் போங்க, காத்திப்_நர்ஸ் மாதிரி ஆளுங்ககிட்ட நான் கத்துக்கிட்டது நிறைய. இப்ப இருக்குற வார்டுலயே நாளைக்குக் காலைலேர்ந்து விழுந்து வந்த ஒவ்வொருத்தரையும் நீங்களே படுக்க வச்சு, நிக்க வச்சு எடுத்துப் பாருங்க, பக்கத்துல நாற்காலி போட்டு ஒரு ஆளத் துணைக்கு வச்சுக்கோங்க. எம்ஆர்சிபி பார்ட் ஒன் இன்னும் எழுதலன்னா அதையும் தள்ளிப் போடாதீங்க, ரெசிடென்சி ஆரம்பிச்சா நேரம் கிடைக்காது.