தூங்குகிறவரைப் படம் எடுக்கலாமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதங்களாக ஞாயிறு காலைகளில் கேமராவை மாட்டிக்கொண்டு சென்னை பாரிமுனைச் சந்துகளில் அலைகிறேன். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8 (லென்ஸின் துளை அளவு). ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமரா என்பதால், ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டர்வரை தெளிவாக விழுகிறது. கருவியில் குறை இல்லை, குறை என்னிடம்தான்.

சென்ற வாரம் மின்ட் தெருவில் ஒருவர் மீன்பாடி வண்டியில் (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) உறங்கிக்கொண்டிருந்தார். முகத்தின்மேல் நாளிதழ், மூச்சுக்கு மூச்சு அதன் ஓரம் எழும்பித் தாழ்ந்தது. எடுத்தேன். ஷட்டர் சத்தத்தில் விழித்துக்கொண்டார். படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “தூங்குகிறவனை எடுக்கலாமா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அங்கேயே அழித்துவிட்டேன். நல்ல படம் அது. மனம் இன்னும் ஆறவில்லை.

முன்கூட்டியே கேட்டால் ஆள் சட்டையை இழுத்துவிட்டு விறைத்து நிற்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எடுத்தபின் சொல்கிறீர்களா, சிரித்துவிட்டு நகர்கிறீர்களா? இன்னாரை எடுப்பதில்லை என்று ஏதேனும் கணக்கு வைத்திருக்கிறீர்களா?

இன்னொன்று. பத்து மணிக்குமேல் சந்தில் பாதி வெயில், பாதி நிழல். கேமராவில் ஒளியை வெயிலுக்கு அளந்தால் நிழலில் நிற்பவர் முகம் கறுக்கிறது. நிழலுக்கு அளந்தால் வெள்ளைச் சட்டையெல்லாம் வெளுத்துப்போகிறது. எதை விட்டுக்கொடுப்பது?

வரும் ஞாயிறு விடியலில் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போகிறேன். அங்கே பழகியவர் யாராவது உடன் வந்தால், இட்லியும் வடகறியும் என் செலவு.