வேலரைசேஷன்: தமிழில் என்ன? (அவசரம்)

க.இ.:
நண்பர்களே, வேளாண் கழிவிலிருந்து வேதிப்பொருள் எடுப்பது பற்றிய கல்லூரிப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'வேலரைசேஷன்' (valorization, கழிவைப் பயனுள்ள பொருளாக மாற்றுவது) பத்திக்குப் பத்தி வருகிறது. மதிப்புக்கூட்டல் என்றே போட்டுவிடலாமா?

ச.:
வேண்டாம். தக்காளியை சாஸ் ஆக்குவதுதான் மதிப்புக்கூட்டல். இங்கே பொருளே வேறாகிவிடுகிறது. ஓட்ஸ் உமியை அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் அதிலுள்ள பென்டோசான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி உடைந்து சைலோஸ் என்ற சர்க்கரை ஆகும். அந்தச் சர்க்கரை மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்தால் ஃபர்ஃப்யூரல் என்ற வேதிப்பொருள். அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1922இலேயே இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. பிசின் செய்யவும் மசகெண்ணெயைச் சுத்திகரிக்கவும் பயன்படுகிறது. மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரிலிருந்தும் எடுக்கலாம். 'பயனாக்கம்' போதும் என்பேன்.

தெ.மு.:
பயனாக்கம் உப்புச்சப்பில்லாத சொல். வள்ளுவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே: "பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும்". மதிக்கத் தகாதவரையும் மதிக்கவைப்பது. 'பொருளாக்கம்' என்க. இன்னொன்று, கழிவு என்பதே இழிசொல் அன்று. "சால உறு தவ நனி கூர் கழி மிகல்" என்பது நன்னூல். கழி என்றால் மிகுதி. ஆகவே கழிவு என்றால் மிகுந்து நிற்பது!

இ.:
ஐயா, நன்னூலார் சொல்வது உரிச்சொல். கழிவு, 'கழிதல்' வினையிலிருந்து பிறந்த தொழிற்பெயர். இரண்டையும் முடிச்சுப்போட்டால் கழிப்பறைக்கு என்ன பொருள் வரும்? அப்புறம், பொருளாக்கம் என்றால் சமூகவியல் மாணவர் பண்டமாக்கல், அதாவது விற்பனைச் சரக்காக்குவது, என்று படிப்பார். முந்திரி ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறோமே, அந்த எண்ணெய் ஓட்டிலேயே இருப்பதுதான். அதற்கும் பொருந்துகிற மாதிரி 'பயன்மீட்பு' எனலாம்.

ச.:
மீட்பு என்றால் எனக்கு அடகுக்கடைதான் நினைவுக்கு வருகிறது. ஃபர்ஃப்யூரல் உமிக்குள் இருந்ததே இல்லை, எதை மீட்பது?

சேலத்திலிருந்து ஒருவர்:
இங்கே ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளியிலிருந்து மாவுப்பால் எடுத்த பிறகு நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். அதில் மாவுச்சத்து இன்னும் நிறைய இருக்கிறது, நொதிக்கவைத்து எத்தனாலும் எடுக்கலாம். திப்பியைக் 'கழிவு' என்றால் ஆலைக்காரர் ஒப்பமாட்டார். 'உடன்விளைபொருள்' என்று ஒரு சொல் வேண்டும். அதை யாரும் பேசக் காணோம்.

க.இ.:
அது அடுத்த இயல், அப்போது பார்ப்போம். நேரமில்லாததால் 'பயனாக்கம்' என்றே போட்டு அனுப்பிவிட்டேன். தெ.மு. ஐயா மன்னிக்க.

தெ.மு.:
அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும், என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபர்ஃப்யூரலை மட்டும் ஏன் தமிழாக்காமல் விட்டுவைத்தீர்கள்? லத்தீனில் 'ஃபர்ஃபர்' என்றால் தவிடு. அது ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள் வகை; அவ்வகைக்கு உரிய 'ஆல்' விகுதியைச் சேர்த்தால் 'தவிட்டால்'. எவ்வளவு இயல்பாகப் புணர்கிறது பாருங்கள்.

இ.:
புணர்கிறது, மூன்றாம் வேற்றுமையாக. "தவிட்டால் பிசின் செய்யலாம்" என்று எழுதினால் மாணவர் நேரே தவிட்டை எடுத்துக் கொதிக்கவைப்பார்.

தெ.மு.:
அப்படியானால் 'தவிடால்'?