கரையில் நிற்கும் ஃபைபர் படகுக்கும் சேர்த்து காப்பீடு எடுப்பது எப்படி?

வணக்கம். எங்களுக்கு ஊர் திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் உள்ள உவரி. அப்பா பெயரில் 28 அடி ஃபைபர் படகு, யமஹா 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், மண்ணெண்ணெயில் ஓடுவது. இரண்டும் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, நகைக்கடன் இன்னும் முடியவில்லை. இதுவரை காப்பீடே எடுத்ததில்லை.

போன ஆடியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் படகை ராத்திரியில் அலை இழுத்து, தூண்டில் வளைவுக் கல்லில் (கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் போட்ட கல் தடுப்பு) மோதவிட்டது. அடிப்பக்கம் பிளந்துவிட்டது. அவர் வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டியவர். ஆனால் அவருடையது முழு இழப்புக்கு மட்டுமான பாலிசி. படகைச் சரிசெய்ய முடியும் என்பதால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதைப் பார்த்ததில் இருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை.

மீன்வளத் துறையில் கேட்டேன். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 5 லட்சம் வரும் என்றார்கள். சரி, அது ஆளுக்கு. படகுக்கு வேறு பாலிசிதான் வேண்டும். பாளையங்கோட்டையில் இரண்டு காப்பீட்டு அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன். ஒன்றில் முழு இழப்பு மட்டும்தான். இன்னொன்றில் பகுதிச் சேதமும் உண்டு, பிரீமியம் கூடுதல், ஆனால் எஞ்சினைத் தனியாக எழுத வேண்டுமாம். கரையில் இழுத்துப் போட்டிருக்கும்போது அலை அடித்தால் கிடைக்குமா என்றால் இரண்டு இடத்திலும் தெளிவான பதில் இல்லை. பதிவுச் சான்றும் எஞ்சின் பில்லும் கையில் இருக்கின்றன.

கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளிப் பக்கம் கரையில் நின்ற படகின் பகுதிச் சேதத்துக்கு உண்மையிலேயே பணம் வாங்கியவர்கள் இருந்தால், பாலிசியில் எந்த வரி இருந்ததால் கிடைத்தது என்று சொல்ல முடியுமா?