ஏழு மாதம் கழித்து தம்பி மறுபடி குடித்துவிட்டான்

கேள்வி: பெரியப்பா சாவு வீட்டில் பழைய கூட்டாளிகள் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மாதம் தொடாதவன். ஏன் இப்படி?

பதில்: அக்கா, நான் நிறுத்தி 4 வருடம். அதற்கு முன் மூன்று முறை சறுக்கினேன். மூன்றுமே சனிக்கிழமை, சம்பள நாள். கையில் காசு, வயிற்றில் பசி, பல நாள் தூக்கமின்மை. நிறுத்திய பிறகும் தூக்கம் சரியாக மாதக்கணக்கில் ஆகலாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது சாப்பிட்டுவிட்டு, கடை இல்லாத தெரு வழியாக வீடு திரும்புகிறேன்.

இன்னொரு பதில்: குடியை நிறுத்தக் கொடுத்த மாத்திரையைத் தம்பி விட்டுவிட்டாரா? நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள் குடிக்கும் ஆசையைக் குறைக்க உதவும். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை மட்டும் அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடாதீர்கள், அதோடு குடித்தால் உயிருக்கே ஆபத்து.

கேட்டவர்: ஆமாம், இரண்டு மாதம் முன்பே விட்டிருக்கிறான். திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். திட்டமாட்டேன்.