பழைய தாலுகா அலுவலகச் சுவர்களை விட்டுவைத்துப் புதிய கட்டடம் எழுப்ப இயலுமா?

வெட்டாற்றங்கரை:
எங்கள் ஊரில் ஆங்கிலேயர் காலத்துத் தாலுகா அலுவலகத்தின் ஓடுகள் சரிந்து, தேக்கு உத்திரங்கள் இற்றுப்போய்விட்டன. ஆனால் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர்களும், கருவூலமாக இருந்த வளைவுக்கூரை அறையும், பத்திரம் எழுதுவோர் வரிசையாக அமர்ந்திருந்த தூண் தாழ்வாரமும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. முழுவதையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்திருப்பதால், இவற்றை உள்ளடக்கியே புதிய அலுவலகம் அமைக்க முடியுமா, வேறெங்கேனும் அப்படிச் செய்திருக்கிறார்களா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் மனு எழுத உதவியாக இருக்கும்.

தரங்கை வாசகன்:
தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றத்தை உங்கள் மனுவில் அவசியம் குறிப்பிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில் 2004-இல் அது திறக்கப்பட்டது. விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்தபோது அதன் மாடிப்படிக் கோபுரங்களை மட்டும் நிற்கவிட்டு, பெயர்த்தெடுத்த செங்கற்களைக் கொண்டே வழக்கு நடக்கும் கூடத்தின் சுவரை எழுப்பினார்கள். வெளியே நடந்து செல்வோரின் கால்கள் உள்ளிருந்து தெரியும்படி நீண்ட கண்ணாடிச் சன்னலும் வைத்தார்கள். பூர்வீகத்தால் நம் தில்லையாடிக்கு உரிய வள்ளியம்மை, 1914-இல் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து உயிர்நீத்து, அதே நகரத்து மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார் என்பதால் அந்தக் கட்டடம் நமக்கு அந்நியமானதன்று. பழைய கல்லைக் கண்ணாடிக் கூண்டுக்குள் காட்சிப்பொருளாக வைக்காமல், அன்றாடம் நீதி கேட்டு வருவோர் கடந்து செல்லும் இடத்தில் வைத்ததையே அதன் பெரும் சிறப்பாக நான் மதிக்கிறேன்.

காரைக்கட்டு:
கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்துகிறேன். பழைய சுவரின் மீது புதிய கூரையின் பாரத்தை ஏற்றவே கூடாது. நம் களிமண் நிலம் மழையில் ஊதிக் கோடையில் வெடிக்கக்கூடியது. அந்த அசைவுக்குச் சுண்ணாம்புக் காரை ஓரளவு இணங்கிக்கொடுக்கும், கான்கிரீட் இணங்காது. ஆகவே புதிய தூண்களுக்குத் தனி அஸ்திவாரம் போட்டு, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அந்த அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது பழைய சுவரின் அடிமண் சரியாதபடி முட்டுக்கொடுப்பதும் முக்கியம். சுவர்களைப் பழுதுபார்க்கிறோம் என்று சிமெண்ட் பூசிவிட்டால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துச் செங்கல் பொடியாக உதிரத் தொடங்கும். சுண்ணாம்புக் கலவையே பூச வேண்டும். அது தெரிந்த கொத்தனார்கள் கோயில் திருப்பணிகளில் இன்னும் இருக்கிறார்கள்.

குடமுருட்டி:
வளைவுக்கூரை அறையைப் பதிவேட்டு அறையாக்கலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த ஈரத்தில் நில ஆவணங்கள் பூஞ்சை பிடித்துவிடும். புதிய கட்டடத்தின் மேல்தளமே அவற்றுக்கு ஏற்றது.

வெட்டாற்றங்கரை:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் வருவோர் இப்போது வெயிலில்தான் நிற்கிறார்கள் என்பதால், தாழ்வாரத்தை அவர்கள் காத்திருக்கும் இடமாகவும் புதிய அலுவலகத்தின் நுழைவாயிலாகவும் அமைக்கக் கோரப்போகிறேன். தனி அஸ்திவாரத்தையும் சுண்ணாம்புப் பூச்சையும் மதிப்பீடு தயாரிக்கும்போதே சேர்க்க வேண்டும் என்றும் மனுவில் எழுதுகிறேன்.